பெடலை மிதித்ததும் லேப்டாப் படுத்துவிட்டது: உங்களுக்கு நடந்திருக்கிறதா? (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்)

கோயில் பஜனைக்காரன்

தைப்பூசத்துக்கு முதல் நாள், தோட்டத்துக் கோயிலில் பஜனை. வழக்கம்போல மிடி கீபோர்டை லேப்டாப்பில் மாட்டி சாலமண்டர் என்ற பதிவு செய்த பியானோ ஒலித் தொகுப்பை ஓட்டினேன். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கிறது, அதை யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் மணிக்கணக்கில் வாசித்தும் ஒன்றும் ஆனதில்லை.

கடைசிப் பாட்டின் முடிப்பில் பெடலை மிதித்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை ஓர் ஓட்டம். விண்டோஸ் விழுந்து நீலத்திரை! அதுகூடப் பரவாயில்லை, சத்தம் நிற்கவில்லை. கடைசித் துணுக்கு மட்டும் 'ட்ர்ர்ர்ர்' என்று இரண்டு ஸ்பீக்கரிலும் அலறிக்கொண்டே இருந்தது. குருக்கள் தீபாராதனைத் தட்டை ஏந்திய கையோடு திரும்பிப் பார்த்தார். மிக்சரில் உட்கார்ந்த பையன் எதைத் திருகுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகி, மைக்கையும் சேர்த்துக் கொன்றான். நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி நிற்கிறேன், கூட்டமே என்னைப் பார்க்கிறது. அதுதான் இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை.

லயத்து வீடு

எனக்கு நீலத்திரை எல்லாம் இல்லை அண்ணே, பட்டென்று கறுப்பு. மத்தியான வெயில், தகரக் கூரை, லேப்டாப்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப எழும்பும், இரண்டு பாட்டு தாங்கும், மறுபடி போய்விடும்.

டவுனில் ஒரு கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். எங்கள் வீட்டில் மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில், தினமும் சாம்பிராணி. புகையும் தூசியும் ஒட்டி, விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், கிழியாமல் முழுசாக வந்தது. மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் வாசம் அடிக்குது தம்பி" என்றார். வீட்டில் சொன்னால் அம்மா, "சாமி மேல பழி போடாதே" என்று என்னையே திட்டினார்.

உங்களுடையதும் சூடாகத்தான் இருக்கும்.

பழைய கீபோர்டுகாரன்

தம்பி லயத்து வீடு, கோபப்பட வேண்டாம், உங்கள் கதை வேறு, அவர் கதை வேறு. பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் தாங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அப்போது நீலத்திரை போட நேரமிருக்காது. நீலத்திரை வந்தால் பெரும்பாலும் டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்), இல்லாவிட்டால் ரேம். எனக்குக் கல்யாண விருந்தில் நடந்தது, காரணம் வைஃபை டிரைவர், அதோடு என் கதை முடிந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து 'கர்னல் பவர் 41' என்பதைப் பார்த்துவிட்டு பவர் சப்ளை போச்சு என்று காசைக் கொட்டாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக நிற்காமல் எழும்பியது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், காரணத்தை அது சொல்லாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒன்று இருக்கும், விழுந்த நேரத்துப் பதிவு அதில்தான். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச நிரலில் அதைத் திறந்தால் எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்று பெயரோடு வரும். எந்த டிரைவர் ஒலியைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமானை ஓடவிட்டு, வைஃபையை அணைத்தும் போட்டும் பாருங்கள். ரேம் சந்தேகம் என்றால் மெம்டெஸ்ட்86 சோதனை, இரவு முழுக்க.

அப்புறம் பஃபர், ஒலியை வெளியே அனுப்புமுன் சேர்த்துவைக்கும் இடம். 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் வைத்தால் பஃபர் தாமதம் சுமார் 3 மில்லி வினாடி, 512 வைத்தால் சுமார் 12. பஜனைக்கு 256 தாராளம். ஆனால் பஃபரைக் கூட்டினால் கரகரப்புதான் போகும், நீலத்திரை போகாது. இதைக் குழப்பிக்கொண்டு பாதிப் பேர் அலைகிறார்கள். பெடல் மிதித்திருக்கும்வரை அடித்த சுரம் எல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கும், அதனால் பாலிஃபனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையை) 64-இல் நிறுத்துங்கள். பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகச் செருகுங்கள். மற்றபடி...

ஞாயிறு ஆராதனை

அண்ணே, 'மற்றபடி' வேண்டாம், மூச்சு விடுங்கள்.

என் கதை சர்ச்சில். ரேம் குறைவு, அதனால் பெரிய பியானோ லைப்ரரி வெளி ஹார்ட் டிஸ்கில். இந்த மாதிரி மென்பொருள் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து இழுக்கும். காணிக்கைப் பாட்டு நடக்கும்போது முன்வரிசைக் குழந்தை ஒன்று தவழ்ந்து வந்து அந்த வயரை உருவிவிட்டது. சுரங்கள் தொடங்குகின்றன, தொடங்கிய வேகத்தில் அறுகின்றன. விக்கல் வந்தவன் பாடியது போல இருந்தது. அப்புறம் மென்பொருளே மூடிக்கொண்டது. குழந்தை வயரை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது, பாஸ்டரும் சிரித்துவிட்டார்.

இப்போது பியானோடெக் வைத்திருக்கிறேன். அதில் பதிவு செய்த ஒலியே கிடையாது, கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும். சில பத்து எம்பிதான், எந்த டிஸ்கும் தொங்காது.

பழைய கீபோர்டுகாரன்

கணக்குப் போடுவது யார், பிராசசர்தானே? லயத்து வீட்டுத் தம்பி அதைத் தகரக் கூரைக்குக் கீழே போட்டால் இன்னும் சீக்கிரம் கறுப்பாகும். எல்லாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

ஞாயிறு ஆராதனை

நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அதில் பாலிஃபனியையும் குறைக்கலாம், நீங்கள் சொன்னதுதான்.

கோயில் பஜனைக்காரன்

சண்டை வேண்டாம். மினிடம்ப் பார்த்தேன், வைஃபை இல்லை. ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் வெளிப்பெட்டி, அந்த ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் பெயர் வருகிறது, கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். அதை நீக்கிவிட்டு ஆசியோ4ஆல் என்ற பொது ஆடியோ டிரைவரைப் போட்டு, லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளையில் நேற்று ராத்திரி பெடலை மிதித்தே வாசித்தேன், விழவில்லை. ஆனால் கோயில் ஸ்பீக்கரில் அந்தத் துளை வழியாக உர்ரென்று இரைச்சல் வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது, பேட்டரியோ ஒரு மணி நேரம்கூட நிற்காது. இந்த இரைச்சலைத் தடுக்கும் கிரௌண்ட் லூப் ஐசொலேட்டர் ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும்?

லயத்து வீடு

அண்ணே, முதலில் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்.