கடை, சங்கம், வார்டு: டெல்டா வணிகர்களின் அனுபவப் பகிர்வு

மன்னார்குடி, பெயிண்ட் - ஹார்டுவேர் கடை

"கல்லாவில் உட்கார்ந்தவன் கட்சி பேசக் கூடாது. பேசினால் பாதி வாடிக்கை போயிடும்." அப்பா காலத்திலிருந்து இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) சேர்ந்த பிறகு "இங்கே அரசியலுக்கு இடமில்லை" என்றார்கள். பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ஊர் விஷயத்திலிருந்தே ஒதுங்கிவிடுகிறார்கள். சங்க மேடையில் கட்சி வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அகில உலக அரிமா சங்கத்தின் நோக்கங்களில், பொதுப் பிரச்சினை எதையும் பேசலாம், கட்சி அரசியலும் மதச் சார்பும் மட்டும் விவாதத்துக்கு வரக் கூடாது என்றுதான் இருக்கிறது. 1917ல் மெல்வின் ஜோன்ஸ் இதைத் தொடங்கியதே சிகாகோ வியாபாரிகளின் கூட்டம் ஒன்றிலிருந்துதான். நம்ம வியாபாரத்தை மட்டும் பார்த்தால் போதுமா, ஊருக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டவர் அவர். அப்படிப்பட்ட சங்கத்தில் இருந்துகொண்டு தெருச் சாக்கடையை "அரசியல்" என்று தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்காரனுக்கு ஊர் எவ்வளவு தெரியும் என்று நான் கண்ணால் பார்த்தது கஜா சமயத்தில். 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரையைக் கடந்தது. தென்னை சாய்ந்து, கம்பம் முறிந்து, வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. சங்கத்தில் பணம் போட்டு தார்ப்பாய், கொசுவலை, பால் பவுடர், மெழுகுவர்த்தி, நாப்கின் எல்லாம் லாரியில் ஏற்றி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் பக்கம் கிளம்பினோம். வழி நெடுக சாமான் கிடைக்காத ஜனங்கள் ரோட்டை மறித்த நேரம் அது. புறப்படும்போது ஒரு கட்சிப் பிரமுகர் வந்து, "எங்க கொடியைக் கட்டிக்கிட்டுப் போங்க, எவனும் மறிக்க மாட்டான்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமான் எல்லாக் கட்சிக்காரங்க வீட்டிலிருந்தும் வந்ததுங்க, ஒரு கொடி கட்டினா அது பொய்யாயிடும்" என்று சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்த கிராமத்தில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது? குடும்ப அட்டைப் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. ஆனால் ஒரே அட்டையில் அண்ணன் தம்பி மூன்று அடுப்பு எரியும் வீடெல்லாம் அதில் ஒரு வரிதான். அந்த ஊரில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தவர், எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் மொத்தமாகச் சரக்கு எடுப்பவர், கூரை போன கடைக்குள்ளிருந்து கடன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பால் பவுடர் பற்று எழுதிய பக்கம் என்றால் அங்கே கைக்குழந்தை. சுருட்டும் பொட்டலம் காப்பித்தூளும் மட்டும் இருந்தால் தனியாக இருக்கும் கிழவர். "இந்தம்மா புருஷன் திருப்பூர் போயிருக்கார், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, நாப்கின் இங்கே கூடப் போடுங்க." அந்த நோட்டை வைத்துத்தான் விநியோகம் நடந்தது. ஒரு சண்டை வரவில்லை. தன் கடையே போன நிலையில் அந்த மனிதர் இரவு வரை எங்களோடு தெருத் தெருவாக நடந்தார்.

இப்படிப்பட்டவர்கள் வார்டு உறுப்பினராக வர வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சங்கத்திலேயே ஒருவர், என் நண்பர், நிற்க முன்வந்தார். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான். தெரு விளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஜனங்கள் நண்பரின் எலக்ட்ரிகல் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் எழுதி எழுதி மனு கொடுத்தார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் சுயேச்சையாக நிற்கிறேன் என்றார். அந்த வருடம் சங்கத் தலைவரும் அவரே.

நிர்வாகக் குழுவில் பெரிய வாக்குவாதம். "தலைவர் நின்றால் சங்கமே நின்ற மாதிரி" என்றார் ஒருவர். "அப்போ சேவை செய்றவன் ஓட்டுக் கேக்கக் கூடாதா?" என்று இன்னொருவர் எழுந்துவிட்டார். நண்பரே பேச்சை முடித்துவைத்தார். வாக்கு எண்ணிக்கை முடியும் வரை விடுப்பு, முதல் துணைத் தலைவர் பொறுப்பில் இருப்பார், சங்கத்தின் எந்தப் படத்தையும் நோட்டீஸில் போட மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தார். அந்த இடைவெளியில் எங்கள் கண் சிகிச்சை முகாம் வந்தது. அவர் படம் போட்ட பேனரை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தோம். அவர் பக்கமே வரவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேர்வாகி பஸ் ஏற நின்ற பாட்டி ஒருவர், "கரண்டு கடைத் தம்பிதான் வரச் சொன்னுச்சு, அது எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலையாக இருக்கிறார் என்று சொல்லி ஏற்றிவிட்டோம். வருடா வருடம் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து போகிறவர் அன்று கடை ஷட்டரைக்கூடத் திறக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தோற்றார். செலவைவிட வலித்தது பாக்கி. கணக்கு வைத்து ஒயரும் சுவிட்சும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்டர், எதிரணிக்காரர், தேர்தலோடு கொள்முதலை நிறுத்தினார். பழைய பாக்கியும் நின்றுபோனது. சிறுகடைக்கு இது சின்ன அடி இல்லை. கம்பெனிக்குச் செக் போட வேண்டிய தேதி யாருக்காகவும் காத்திருக்காது. ஜெயித்தவர் பக்கத்துத் தெரு ஆள்தான். பதவியேற்ற பிறகு ஒருநாள் கடைக்கே வந்து, "அண்ணே, நீங்க ஓட்டுக் கேக்கறப்போ சாக்கடை அடைப்பெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களே, அதைக் குடுங்க" என்றார். நண்பர் உடனே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதில் பாதித் தெருவுக்குத்தான் வேலை நடந்திருக்கிறது. மீதி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

மற்றவர்கள் உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள். குறிப்பாகக் கடை வைத்துக்கொண்டே தேர்தலில் நின்றவர்கள்.

ஒரு பேரூராட்சியிலிருந்து, ஜவுளிக்கடை, இன்னர்வீல் (ரோட்டரியோடு தொடர்புள்ள பெண்கள் சேவைச் சங்கம்) உறுப்பினர்

அண்ணே, நான் நின்றவள். ஜெயித்தவளும்கூட.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016ல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினார்களே, அதனால் வந்த வாய்ப்பு. அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே ஒரு கட்சிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். ரவிக்கைத் துணி மடித்துக்கொண்டு நான் எதிரிலேயே நிற்கிறேன், அவர்கள் நேராக என் கணவரிடம் போய், "அக்காவை நிறுத்தலாம்னு இருக்கோம், நீங்க சரின்னா போதும்" என்கிறார்கள். அவர், "கடை லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் அவங்க பேர்லதான் இருக்கு. அவங்களைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். நான் கட்சியில் நிற்க மாட்டேன், சுயேச்சையாக நிற்பேன் என்றேன். சிரித்தார்கள்.

ஓட்டுக் கேட்கப் போனபோது இன்னர்வீல் பெயரை வாயிலேயே எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் எல்லாம் நாங்கள் அரசுப் பள்ளியில் கழிப்பறை கட்டிக் கொடுத்தபோது பழகிய தாய்மார்கள்தான். வயசுக்கு வந்த பெண்கள் அந்த மூன்று நாள் பள்ளிக்கு வராமல் இருந்ததை மாற்றியது அந்தக் கட்டடம். அது ஓட்டாக வந்ததா என்று கேட்டால், வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஓட்டுக்காகக் கட்டவில்லை என்பதும் உண்மை.

உண்மையான சோதனை ஜெயித்த பிறகுதான். பேரூராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். மார்ச் 4 மறைமுகத் தேர்தல். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரிசமமாக நின்றதால் சுயேச்சைகளுக்கு ஏக மரியாதை. "நாலு நாள் குடும்பத்தோட ஊட்டி போயிட்டு வரலாம்க்கா, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார்கள். மறுபக்கத்திலிருந்து துணைத் தலைவர் பதவி. நான் நான்கு நாளும் கடையைத் திறந்துவைத்தேன். யாருக்கு ஓட்டுப் போடப் போகிறேன், எதற்காக என்பதை வார்டில் பத்துப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். பிறகு போய்ப் போட்டேன்.

கூட்டத்தில் தீர்மானங்களை உறுப்பினர்களுக்குப் புரியாத வேகத்தில் படிப்பார்கள். நான் எண் சொல்லி நிறுத்தச் சொல்வேன். துணிக்கடைக்காரிக்கு மீட்டர் கணக்கு தெரியாதா? பைப் இத்தனை மீட்டர் என்று படித்தால் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று கேட்பேன். ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். இப்போது எழுதிக்கொண்டே வருகிறார்கள்.

வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். தீபாவளிக்கு மொத்தமாக வேட்டி சேலை எடுக்கிற கட்சி ஆர்டர் எதுவும் எனக்கு வருவதில்லை. வேறு ஊர்க் கடைக்குப் போகிறது.

நீடாமங்கலம் பக்கம், உளுந்து - பயறு கொள்முதல், ரோட்டரி

தம்பி எழுதியதும் அந்த அம்மா எழுதியதும் படித்து நெஞ்சு நிறைந்தது. நான் தேர்தலில் நின்றதில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் மாதிரி ஆட்கள் மாட்டிக்கொள்கிறோம்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 தேர்தல் நடத்தை விதி வந்தது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. டெல்டாவில் அது என்ன காலம்? சம்பா வயலில் தெளித்த உளுந்து, பயறு களத்துக்கு வரும் காலம். விவசாயி களத்திலேயே ரொக்கம் கேட்பார். அறுப்புக் கூலி, அடிப்புக் கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும் அவருக்கு. நான் 50,000 ரூபாய்க்கு மேல் காகிதம் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு போனால் தேர்தல் பறக்கும் படை பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியை நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி வரிசையில் நிற்கும்போது சோதித்து, கணக்கு இல்லை என்று பணத்தை எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் கேட்டது காகிதம். இவரிடம் இருந்தது மஞ்சள் பை மட்டும்.

எங்கள் சங்கத்தில் இருக்கும் ஆடிட்டர்தான் வழி காட்டினார். வங்கியில் எடுத்ததற்கான பாஸ்புக் பதிவு, ஜிஎஸ்டி பதிவு நகல், முந்தைய கொள்முதல் சீட்டு எல்லாம் சேர்த்து, ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கிற அதிகாரிகள் குழுவிடம் முறையிட வைத்தார். பணம் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் அந்த உளுந்தை வேறு ஆள் எடுத்துப் போய்விட்டார். பிறகு எங்கள் வாரக் கூட்டத்திலேயே அக்கம்பக்க வியாபாரிகள், மாட்டுச் சந்தைக்காரர்கள், மீன் ஏலக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். என்னைக் கேட்டால் அந்த வருடம் நாங்கள் செய்த சேவையில் இதுதான் முதன்மை.

ரோட்டரியில் நாங்கள் சொல்லும் நான்கு கேள்வி இருக்கிறதே, 'இது உண்மையா, எல்லாருக்கும் நியாயமா' என்று, அது 1932ல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் முழுகப் போன ஒரு பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த எழுதியது. வியாபாரத்துக்காகப் பிறந்தது. அதை மனதில் வைத்துத்தான் நான் களத்தில் எடை போட்டதும் விவசாயிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன், எடை, விலை, தேதி எல்லாம் போட்டு. எனக்கும் பாதுகாப்பு, அவருக்கும் நியாயம்.

வசூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநாடு, பிறந்தநாள், கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் ரசீது புத்தகம் கடைக்கு வரும். கட்சிக்கு ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ல் விதி வந்தது. அதைச் சொன்னால் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரே தொகை, ரசீது வாங்காமல் இல்லை என்று நாங்கள் ஒரு தெரு வியாபாரிகள் பேசி வைத்திருக்கிறோம். தனித்தனியாக நின்றால் மிரட்டலாம், தெருவே ஒரே பதில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மன்னார்குடி, பெயிண்ட் - ஹார்டுவேர் கடை

ஐயா, நீங்கள் சொன்ன அந்த ஒரே தொகை முறையை எங்கள் கடைத்தெருவிலும் இந்த மாதமே பேசுகிறேன். காகித விவரத்தை ஒரு பக்கமாக எழுதி அனுப்பினால் எங்கள் சங்கத்தில் அச்சடித்து எல்லாக் கடைக்கும் கொடுப்போம்.

அக்கா, உங்கள் தீர்மான எண் விஷயத்தை நண்பரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். நகராட்சிகளின் பதவிக்காலம் 2027ல் முடிகிறது, மறுபடி நிற்பீர்களா என்று கேட்டேன். வார்டு பெண்களுக்கு மாறினால் தன் மனைவியைக் கேட்கச் சொன்னார். அந்த அம்மாதான் இத்தனை வருடமாகக் கடையில் உட்கார்ந்து தெரு விளக்குப் புகார்களை எழுதி வாங்கியவர், அவருக்கு நம்மைவிட விவரம் தெரியும். நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், அவரிடமே கேட்கப் போகிறோம்.