மைன்கிராஃப்ட் மாட் கோப்பில் ட்ரோஜன் எச்சரிக்கை: உதவி தேவை

வணக்கம். என் மகள் விண்டோஸ் 11 மடிக்கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா 1.20.1 பதிப்பை மாட்களை (விளையாட்டில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் நிரல்கள்) ஏற்றும் ஃபேப்ரிக் லோடருடன் விளையாடுகிறாள். சென்ற வாரம் அவள் கேட்ட வரைபட மாட் ஒன்றின் ஜார் கோப்பைப் பதிவிறக்கியதும், வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை ட்ரோஜன் (நல்ல நிரல்போல் நடிக்கும் தீநிரல்) என்று முடக்கிவிட்டது. உருவாக்கியவரின் பக்கத்திலிருந்தே மீண்டும் இறக்கி, அங்கே தரப்பட்டுள்ள எஸ்எச்ஏ-512 ஹாஷ் மதிப்போடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரேயொரு மென்பொருள் மட்டுமே எச்சரித்தது. இதே மாட்டின் முந்தைய பதிப்பில் எச்சரிக்கையே இல்லை. ஆயினும், 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் உருவாக்குநர்களின் கணக்குகள் வழியாகவே பரவியதால், ஹாஷ் பொருந்துவதை மட்டும் போதிய சான்றாக நான் கருதவில்லை. மாட் விளையாட்டுக்குள் அடங்கி நிற்பதில்லை, கணினியில் எதையும் இயக்க வல்லது என்பதே என் கவலை. இந்த ஜார் கோப்பை இயக்காமலேயே, உள்ளிருக்கும் கிளாஸ் கோப்புகளை (தொகுக்கப்பட்ட ஜாவா நிரல்) பிரித்துப் பார்த்து, இது பொய் எச்சரிக்கைதானா என்று உறுதிசெய்வது எப்படி?