திருகோணமலைப் பயணம்: முதியவருடன் போய் வந்தவர்களின் ஆலோசனை வேண்டும்

அன்பான உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் வசிக்கும் நாங்கள், வைகாசியில் கடல் அமைதியாக இருக்கும் என்பதால், அம்மாவுடன் திருகோணமலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயிலைக் கண்டுவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. முழங்கால் வலியால், ஊன்றுகோலை முன்வைத்து, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கித்தான் அவரால் ஏற முடிகிறது.

பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து, கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறும் பாதையில் முச்சக்கர வண்டி எதுவரை செல்லும், இறங்கிய பின் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இடையில் அமர்ந்து இளைப்பாற நிழல் உண்டா என்பதை அண்மையில் சென்றவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். வெயிலில் கொதிக்கும் கல்லில் அவரை வெறுங்காலுடன் நடக்கவிட மனம் வராததால், காலைப் பூசை நேரமும் தெரிந்தால் பேருதவியாக இருக்கும். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவைப் பார்க்கும் இடத்தில் பிடித்து நிற்கக் கம்பிவேலி உள்ளதா?

வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வாகனத்தில் வருகிறோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் வழியிலேயே இருப்பதால் அங்கு இறங்குவோம். புறாத்தீவுக்குப் படகேறும் எண்ணம் இல்லை. கோட்டைக்கு அருகில், கீழ்த்தளத்தில் அறையும் சைவச் சாப்பாடும் உள்ள, நீங்களே தங்கிப் பார்த்த விடுதி இருந்தால் அதன் பெயரையும் ஓரிரவு வாடகையையும் எழுதுங்கள்.