அண்டார்டிக் கோரில் மேற்பரப்பே 5240 வயது காட்டுகிறது: எல்லா ஆழத்திலும் அதைக் கழித்துவிடலாமா?

பனிக்கடல்_மாணவி:

அண்டார்டிக் தீபகற்பத்தின் கிழக்குக் கண்டத்திட்டில், 620 மீட்டர் ஆழத்தில் எடுத்த கிராவிட்டி கோர் (எடையால் சேற்றில் இறங்கும் குழாயில் வரும் படிவுத் தூண்). நீளம் 330 செ.மீ. மேலிருந்து 150 செ.மீ. வரை பச்சை கலந்த டயாட்டம் (நுண்பாசி) சேறு. 150 முதல் 240 வரை மணல் கலந்த சாம்பல் நிறச் சேறு, நடுநடுவே கூழாங்கல். 240க்குக் கீழே சேறும் மணலும் கல்லும் அடுக்கே தெரியாமல் கலந்து கெட்டியாக இருக்கிறது. டில், அதாவது பனி நேரடியாகப் படியவிட்ட கலவை, என்று குறித்திருக்கிறேன்.

வயது அளக்க உதவும் சுண்ணாம்பு ஓடுகள் எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் அமிலத்தில் கரையாத கரிமப்பொருளில் கார்பன்-14 அளக்கப்பட்டது. திருத்தம் செய்யாத வயதுகள்: 2 செ.மீ.யில் 5240, 60இல் 7900, 120இல் 7350, 200இல் 14,600, 265இல் 24,800.

மேற்பரப்பு வயதான 5240ஐ எல்லாவற்றிலும் கழித்தால் 200 செ.மீ. 9360 ஆகிறது. பனி பின்வாங்கிய காலம் என்று அதை எழுதலாமா? 120இல் வயது குறைந்திருப்பதற்குப் படிவு சரிந்து புரண்டதுதான் காரணமா?

வண்டல்வாசி:

எழுத வேண்டாம். ஒரே எண்ணை எல்லா ஆழத்திலும் கழிப்பதற்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: பழைய கார்பனின் பங்கு மேலிருந்து கீழ்வரை மாறவே இல்லை என்பது. உங்கள் கோரின் நிறமே அதை மறுக்கிறது.

அந்த 5240இல் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, கடல்நீரின் வயது. அண்டார்டிக்கைச் சுற்றி மேலெழும் ஆழ்நீர் பழையது என்பதால், இன்று வாழும் உயிரியின் ஓடே ஏறத்தாழ 1300 ஆண்டு காட்டும். மீதி 3940 ஆண்டு, பனி சுரண்டிக் கொண்டுவந்த பாறைத்தூளில் இருக்கும் கார்பனால் வருவது. அதில் கார்பன்-14 துளியும் இருக்காது. கணக்கு எளிது: கூடுதல் வயது = 8033 × ln(1/(1−பழைய பங்கு)). 8033 என்பது கார்பன்-14 வயதுக் கணக்கின் மாறிலி. 3940க்கு இந்தப் பங்கு 39 சதவீதம் வருகிறது.

டயாட்டம் நிறைந்த மேல்பகுதியிலேயே 39 சதவீதம் என்றால், டயாட்டம் குறைந்து பாறைத்தூள் கூடிய 150–240 பகுதியில் அது உயர்ந்துதான் இருக்கும். பேச்சுக்கு 60 சதவீதம் என்று வையுங்கள். பாறைக் கார்பன் மட்டுமே 7360 ஆண்டு கூட்டிவிடும். 14,600இலிருந்து அதையும் கடல்நீரின் 1300ஐயும் கழித்தால் 5940. நீங்கள் சொல்லும் 9360க்கும் இதற்கும் 3400 ஆண்டு இடைவெளி. பனி எப்போது விலகியது என்ற கேள்வியே இந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகிறது. 60 சதவீதம் என்பது அளந்த எண் அல்ல என்பதையும் மறக்காதீர்கள்.

120இல் வயது குறைவதற்குச் சரிவு தேவையில்லை. 60இல் பாறைக் கார்பன் சற்றுக் கூடியிருந்தாலே போதும். அந்த இரண்டு ஆழத்திலும் கரிமக் கார்பனின் அளவு, கார்பன்–நைட்ரஜன் விகிதம், டயாட்டம் செறிவு மூன்றையும் பாருங்கள். சரிவுதான் என்றால் எக்ஸ்-ரேயில் மடிந்த அடுக்கோ கூர்மையான அடித்தளமோ தெரிய வேண்டும்.

265இன் 24,800ஐப் படிந்த காலமாக எடுக்கவே கூடாது. டில்லுக்குள் இருப்பது பனி வழிநெடுக அள்ளிய பல வயதுக் கார்பனின் கலவை.

ஃபோராம்_பொறுக்கி:

"கண்ணில் படவில்லை" என்பதை இங்கே விசாரிக்க வேண்டும். அண்டார்டிக் கண்டத்திட்டில் ஓடுகள் குறைவு என்பது உண்மை. ஆனால் டில்லுக்கு நேர் மேலே உள்ள மாற்றப் பகுதியில் அவை தப்பிப் பிழைப்பதுண்டு. உங்களுக்குத் தேவையான வயதும் அங்கேதான் இருக்கிறது. 225 முதல் 240 வரை 2 செ.மீ. துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் 30–50 கிராம் எடுங்கள். சின்னத் துண்டில் தேடினால் எதுவும் கிடைக்காது.

63 மைக்ரான் சல்லடையில் கழுவுங்கள். டீஅயனைஸ்டு (அயனி நீக்கிய) நீரை அப்படியே ஊற்றாதீர்கள், அதன் லேசான அமிலத்தன்மையே மெல்லிய ஓட்டை அரிக்கும். காரத்தன்மை சேர்த்துச் சரிசெய்த நீர் வேண்டும். சேற்றைப் பிரிக்கக் கால்கன் (பாஸ்பேட் உப்பு) போடும் பழக்கத்தையும் இதற்கு விடுங்கள், அது கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். 50 டிகிரிக்கு மேல் உலர்த்த வேண்டாம். பிறகு 125 மைக்ரானுக்கு மேல் தங்கியதில் *நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா* என்ற மிதவை ஃபோராமின் (ஓடுள்ள ஒருசெல் உயிரி) ஓடுகளைத் தேடுங்கள். கார்பனைக் கிராஃபைட்டாக்கி அளக்கும் வழக்கமான முறைக்கு 1 மில்லிகிராம் கார்பன், அதாவது 8–9 மில்லிகிராம் ஓடு வேண்டும். ஆயிரம் ஓடு வரை பொறுக்க நேரலாம். வாயுவாகவே அளக்கும் சிறிய ஏ.எம்.எஸ். (கார்பன்-14 அணுக்களை எண்ணும்) கருவி உள்ள ஆய்வகத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மிதவை வகை போதாவிட்டால் கடலடி வகையைத் தனியாக அளந்து, எது என்று குறிப்பிடுங்கள். மஞ்சளடித்த, உடைந்த, தேய்ந்த ஓடுகளைத் தொடாதீர்கள். அவை கீழிருந்து புரட்டி வந்தவையாக இருக்கலாம்.

கோர் எத்தனை காலமாகக் குளிர்கிடங்கில் இருக்கிறது? திறந்து வைத்த கோரில் காற்றுப் பட்டதும் இரும்பு சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உண்டாகும், ஓடு கரையும், அதே கால்சியம் ஜிப்சம் ஊசிகளாக வளரும். மைக்ராஸ்கோப்பில் ஜிப்சம் தெரிந்தால், ஓடு இருந்து கரைந்திருக்க வாய்ப்புண்டு. தொடாத பாதிக் கோரின் நடுப்பகுதியில் மறுபடி தேடுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்த மாதிரியை விட்டுவிடுங்கள்; பூஞ்சை புதுக் கார்பனைச் சேர்த்து வயதை இளமையாக்கும்.

கடைசிவரை ஓடே கிடைக்கவில்லை என்றால், மெதுவாகச் சூடேற்றி வெளிவரும் வாயுவைப் பகுதி பகுதியாகப் பிடித்து அளக்கும் முறை இருக்கிறது. முதலில், குறைந்த வெப்பத்தில் வரும் பகுதியே இளையது. அதுவும் முழுத் தூய்மையானதல்ல, ஆனால் மொத்தக் கரிமத்தை அளப்பதைவிட எவ்வளவோ மேல்.

பனிக்கடல்_மாணவி:

மிக்க நன்றி. ஜிப்சம் ஊசிகள் இருக்கின்றன! 2 செ.மீ. மாதிரி உண்மையிலேயே இன்றைய மேற்பரப்பு என்று எப்படி உறுதி செய்வது? 240க்குக் கீழே இருப்பது டில்தானா, பனிப்பாறைகள் கொட்டியதா என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

ஈயம்210:

கிராவிட்டி கோர் இறங்கும் வேகத்தில் மேலே உள்ள தளர்ந்த சேறு சிதறிப் போகும். 10–30 செ.மீ. காணாமல் போவது அரிதல்ல. அதே இடத்தில் மல்டிகோர் (மேற்பரப்பு கலையாமல் எடுக்கும் குட்டைக் கோர்) எடுத்திருந்தால் இரண்டின் நீர்ப்பங்கையும் காந்த ஏற்புத்திறனையும் அருகருகே வரைந்து பொருத்துங்கள். வயதின் திருத்தத்துக்கு மல்டிகோரின் மேல் சென்டிமீட்டரையே பயன்படுத்துங்கள்.

மேற்பரப்பு இன்றையதா என்று சோதிக்க ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 22.3 ஆண்டு, ஐந்து அரை ஆயுளில், சுமார் 110 ஆண்டில், கூடுதல் ஈயம் (வெளியிலிருந்து வந்து படிந்தது) மறைந்துவிடும். ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் படியும் இடத்தில் அது மேல் 5–6 செ.மீ. மட்டுமே. அதனால் முதல் 10 செ.மீ.ஐ அரை செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். உங்கள் 2 செ.மீ.யில் கூடுதல் ஈயம் இல்லை என்றால் அது இன்றைய மேற்பரப்பு இல்லை. 39 சதவீதக் கணக்கும் அதோடு போயிற்று. உலர்ந்த எடையிலிருந்து உப்பின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

இந்த முறையின் வலு பைன் ஐலண்ட் பனியாற்றில் தெரிந்தது. மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து எடுத்த கோர்களில் ஈயம்-210 அளந்துதான், 1940களிலேயே அங்கே கடல்நீர் உள்ளே புகத் தொடங்கியது என்று 2017இல் காட்டினார்கள்.

வண்டல்வாசி:

டில் பற்றி: கையில் பிடிக்கும் டார்வேனால் (சேற்றைத் திருகி அளக்கும் கருவி) 10 செ.மீ.க்கு ஒருமுறை ஷியர் வலிமை (நழுவாமல் தாங்கும் திறன்) எடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வேகமாக ஓடிய பனிக்கு அடியில் உருவான டில் மென்மையாகவே இருக்கும். மல்டிபீம் (ஒலியலையால் எடுத்த கடலடி) வரைபடத்தில் கோர் எடுத்த இடம் நீண்ட இணைவரிப் பள்ளங்களின் மேல் இருந்தால் அது பனி ஓடிய தடம். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் என்றால் பனிப்பாறை உழுத இடம். உழுத படிவும் பார்வைக்கு டில் போலவே இருக்கும்.

எக்ஸ்-ரேயில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களை எண்ணுங்கள். பிறகு எண்ணியதோடு நிறுத்தாமல் அவை என்ன பாறை என்றும் பாருங்கள். உங்கள் பகுதிக்கே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: பிரின்ஸ் குஸ்தாவ் கால்வாயில், சுமார் 5000 முதல் 2000 ஆண்டுகளுக்கு முன்வரை பனித்தட்டு இல்லாமல் இருந்ததைக் கற்களின் வகையே காட்டியது. பனித்தட்டு மூடியிருந்தபோது உள்ளூர்ப் பாறை மட்டும் விழுந்தது. திறந்திருந்தபோது வெளியிலிருந்து மிதந்து வந்த பனிப்பாறைகள் வேறு இடத்துக் கற்களையும் போட்டன. உங்கள் 150–240 பகுதி பனித்தட்டுக்கு அடியில் படிந்ததா, திறந்த கடலில் படிந்ததா என்பதை இதுவே சொல்லும்.

டிசெப்ஷன் தீவின் எரிமலைச் சாம்பலையும் தேடிப் பாருங்கள். சுமார் 3980 ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெடிப்பின் கண்ணாடித் துகள்கள் 150க்கு மேலே கிடைத்து, வேதியியல் பொருந்தினால், கார்பனையே நம்பாத ஒரு புள்ளி கைக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் அடுக்காக இருக்க வேண்டியதில்லை. காந்த ஏற்புத்திறனில் சின்ன முகடு தெரியும் இடத்தில் முதலில் தேடுங்கள்.

ஃபோராம்_பொறுக்கி:

கார்பன்-14 வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கடல் அளவுத்திருத்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. மரைன்20 என்ற அந்த வளைவு துருவப் பகுதிக்கு அப்படியே பொருந்தாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எந்தத் திருத்தம் போட்டாலும், அட்டவணையில் திருத்தாத வயது, பிழை, ஆய்வக எண், அளந்த பொருள் நான்கையும் கொடுங்கள். பிறகு வருபவர் மறுபடி கணக்கிட முடியும்.