ஒரே களிமண் சதவீதம், ஒரே நுண்துளை அளவு, ஊடுருவுதிறன் மட்டும் நூறு மடங்கு வித்தியாசம். எப்படி?

மணல்திட்டு:

வணக்கம். முதுகலை நிலவியல், இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்காக ஒரே துளைக்கிணற்றிலிருந்து எடுத்த இரண்டு மணற்பாறைத் துண்டுகளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். நுண்துளைத்தன்மை (பாறையில் காலியாக இருக்கும் இடத்தின் பங்கு) இரண்டிலும் 18%. எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் கனிமங்களை அளக்கும் சோதனை) ரிப்போர்ட்டில் மொத்தக் களிமண் இரண்டிலும் 7%. ஆனால் ஊடுருவுதிறன் (திரவம் பாறைக்குள் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது, அலகு மில்லிடார்சி) ஒன்றில் 110, இன்னொன்றில் 0.9. கருவியில்தான் கோளாறோ என்று மூன்று தடவை அளந்தாயிற்று, அதே எண்தான் வருகிறது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இந்த அடுக்கை ஒரு ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) வெட்டிக்கொண்டு போகிறது. வழிகாட்டி ஒரு நாள் "ஃபால்டில் களிமண் இருந்தால் நல்லது, அடைத்துக்கொள்ளும்" என்றார். அடுத்த வாரம் "களிமண் இருந்தால் வழுக்கும், ஜாக்கிரதை" என்றார். அவரிடமே திருப்பிக் கேட்கத் தைரியம் இல்லாமல் இங்கே வந்திருக்கிறேன்.

கல்லுளிமங்கன்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், ஃபால்ட் விஷயத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

7% என்பது எடைக்கணக்கு. அந்த 7% பாறைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ஆர்டி சொல்லாது, ஏனென்றால் பாறையை மாவாக அரைத்துவிட்டுத்தான் அதையே அளக்கிறீர்கள். கயோலினைட் என்ற களிமண் வகை பெரும்பாலும் புத்தகம் அடுக்கியதுபோல் தட்டுத்தட்டாகத் துளையின் நடுவில் கிடக்கும். இடத்தைக் கொஞ்சம் அடைக்கும், ஆனால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். இல்லைட் என்ற இன்னொரு வகை அப்படியல்ல. மணல் துகளின் மேலிருந்து முடிமுடியாக வளர்ந்து, இரண்டு துளைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய கழுத்தில் குறுக்கே பாலம் போட்டுவிடும். குளியலறை வடிகாலில் தலைமுடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? முடியின் எடை ஒன்றுமே இல்லை, ஆனால் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். ஒரு குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் (ஆரத்தின் நான்காம் அடுக்கு, பாய்சுவா விதி), அதனால் கழுத்தில் சிக்கும் கொஞ்சம் களிமண் நுண்துளைத்தன்மையைத் தொடாமலேயே ஊடுருவுதிறனை விழுங்கிவிடும்.

சில இடங்களில் களிமண் காப்பாற்றவும் செய்யும். மணல் துகளைச் சுற்றிக் குளோரைட் என்ற களிமண் மெல்லிய தோலாகப் படிந்திருந்தால், துகள்களை ஒட்டவைக்கும் குவார்ட்ஸ் சிமெண்டுக்கு அந்தத் துகளின் மேல் பிடிப்புக் கிடைக்காது, அதனால் வளர முடியாது. பொதுவாக 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குவார்ட்ஸ் வளர்ந்து துளைகளை மூடத் தொடங்கும். அந்தத் தோல் இருக்கும் மணற்பாறை 4 கி.மீ. ஆழத்திலும் துளைகளோடு இருக்கும்.

ஒரு கேள்வி: துண்டுகளை எப்படி உலர்த்தினீர்கள்? அவனில் (உலர்த்தும் சூட்டடுப்பில்) வைத்தால் இல்லைட் முடிகள் ஈரத்தலை முடிபோல் துகளின் மேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். பாறை பூமிக்குள் இருக்கும் நிலையைவிட ஊடுருவுதிறன் பல மடங்கு கூடத் தெரியும். வடகடல் மணற்பாறைகளில் இந்தச் சிக்கல் ரொம்பப் பழசு. உங்கள் 0.9 கூட அதிகமாக இருக்கலாம்.

பாறைமுயல்:

வழிகாட்டி சொன்ன இரண்டும் சரி. அவர் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார், நீங்கள் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். ஃபால்ட் கசியுமா என்பது ஒன்று, வழுக்குமா என்பது இன்னொன்று. அதற்கப்புறம் மூன்றாவதும் உண்டு: வழுக்கினால் மெல்ல ஊருமா, திடீரென்று பாயுமா?

உராய்வுக் கெழு பெரும்பாலான பாறைகளுக்கு 0.6 முதல் 0.85 வரை, பையர்லி என்ற ஆய்வாளர் 1978-இல் தொகுத்துக் காட்டியது. களிமண், டால்க் (வழுவழுப்பான மென்கனிமம்) வகையறாக்கள் இதற்கு விதிவிலக்கு. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்டுக்குள் பார்க்ஃபீல்டுக்குப் பக்கத்தில் துளைபோட்டு, 2007-இல் சுமார் 2.7 கி.மீ. ஆழத்திலிருந்து கோர் (உருளையான பாறைத்துண்டு) எடுத்தார்கள். ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில் இருந்தது சபோனைட், மெக்னீசியம் மிகுந்த ஒரு ஸ்மெக்டைட் வகைக் களிமண். உராய்வு 0.15 வாக்கில். அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வராமல் ஃபால்ட் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வேகம் கூடக் கூட உராய்வும் கூடும் தன்மை களிமண்ணுக்குப் பொதுவாக உண்டு, அதனால் அது தானாகப் பாயத் தொடங்காது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த கெட்டிப் பாறைதான் பிடித்துக்கொண்டு நின்று ஒரு நாள் விடும்.

நடுக்கடல்:

"தானாகப் பாயத் தொடங்காது" என்பது வரை சரி. ஆனால் படிப்பவர்கள் களிமண் ஃபால்ட் என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், அது தப்பு. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் சுமார் 50 மீட்டர் நகர்ந்தது கடலடி அகழிக்குப் பக்கத்தில், அதே ஸ்மெக்டைட் இருந்த இடத்தில்தான். 2012-இல் சிக்யூ என்ற ஆய்வுக் கப்பல் கிட்டத்தட்ட 6,900 மீட்டர் ஆழக் கடலில் துளைபோட்டுப் பார்த்தது. ஃபால்ட் 5 மீட்டர்கூடத் தடிமன் இல்லை, பெரும்பகுதி ஸ்மெக்டைட். நிலநடுக்கம் முடிந்து ஒன்றரை வருஷம் வாக்கில் அங்கே அளந்த மிச்சச் சூடு 0.31 டிகிரிதான். அவ்வளவு தூரம் நகர்ந்தும் இவ்வளவுதான் சூடு என்றால் உராய்வு 0.1-க்கும் கீழே இருந்திருக்க வேண்டும்.

பிளப்பு ஆழத்தில் தொடங்கி வேகத்தோடு வந்து மோதும்போது களிமண்ணின் கதை மாறிவிடுகிறது. தண்ணீர் வெளியேற வழி இல்லாததால் உராய்வுச் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி, பாறை மிதப்பதுபோல் போய்விடும். நன்றாக அடைக்கும் குணமே அங்கே வினையாகிறது.

பாறைமுயல்:

ஒப்புக்கொள்கிறேன், தொடங்குவதையும் பரவுவதையும் நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கல்லுளிமங்கன் சொன்ன அரைக்கும் சிக்கல் உராய்விலும் உண்டு. இத்தாலியின் எல்பா தீவில் சுக்காலே ஃபால்டிலிருந்து எடுத்த பாறையை இரண்டு விதமாகச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள்: ஒன்றை அதன் வரிகள் கலையாமல் சீவலாக, இன்னொன்றை அரைத்துத் தூளாக. தூள் சாதாரணப் பாறைபோல் 0.6-ஐ ஒட்டி நின்றது, சீவல் வெகுவாகக் குறைந்த உராய்வில் வழுக்கியது. கனிமம் அதேதான். சீவலில் டால்க்கும் ஸ்மெக்டைட்டும் இடைவிடாத ஏடுகளாக ஓடியதால் வழுக்கல் முழுவதும் அந்த ஏடுகளில் நடந்தது. அரைத்தால் அந்த ஏடு அறுந்துவிடும்.

மணல்திட்டு:

அப்படியானால் என் மணற்பாறையில் 7%தானே களிமண், ஃபால்டில் அடைப்பு இருக்காது என்று எழுதலாமா?

கல்லுளிமங்கன்:

எழுதாதீர்கள். முதலில், ஃபால்டின் ஒரு புள்ளியைக் கடந்து போன எல்லா அடுக்குகளின் களிமண்ணையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மேலே கீழே ஷேல் (களிமண் மிகுந்த பாறை) இருந்தால் அது இழுபட்டு ஃபால்ட் நெடுகப் பூசிக்கொள்ளும். அப்புறம், களிமண்ணே இல்லாத சுத்தமான மணற்பாறையிலும் சில மில்லிமீட்டர் அகலப் பட்டைகளில் துகள்கள் நொறுங்கி நெருங்கிவிடும், ஊடுருவுதிறன் அங்கே நூறு, ஆயிரம் மடங்குகூடக் குறையும். வெளியில் நின்று பார்த்தால் சுற்றியுள்ள பாறை அரித்துப் போயிருக்க, அந்தப் பட்டைகள் விலா எலும்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும். துளையில்லாத கருங்கல்லில் கதை நேர் எதிர், அங்கே ஃபால்ட் விரிசலைத் திறந்து வழி விடும். குறுக்கே அடைத்து நெடுக்கே கசியும் ஃபால்டுகளும் உண்டு, எந்தத் திசை என்று சொல்லாமல் "அடைப்பு" என்று மட்டும் எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

மணல்திட்டு:

நீல ரெசின் (துளைகளை நிரப்பும் பிசின்) ஏற்றிய தின் செக்‌ஷனை (மெல்லிய பாறைச் சீவலை) இப்போதுதான் மறுபடி பார்த்தேன். முதல் துண்டில் துளைகள் பளிச்சென்ற நீலம். இரண்டாவதில் ஓரங்களில் அழுக்கு நீலம், பழுப்பு கலந்து, கழுத்துகளில் நீலமே தெரியவில்லை. துளை எண்ணும்போது அதையும் நீலம் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

உலர்த்தியது அவனில்தான், 105 டிகிரி, ஒரு ராத்திரி முழுக்க.

கல்லுளிமங்கன்:

அந்த அழுக்கு நீலம்தான் உங்கள் ஆள், கழுத்தை அடைக்கும் இல்லைட்டாக இருக்கலாம். அவனில் போகாத மிச்சக் கோர் ஏதாவது இருந்தால் ஈரம் போகாமல் சுற்றி வைத்துவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இன்றே பெயர் கொடுங்கள். எங்கள் பக்கம் அதற்கு வரிசை மூன்று வாரம்.