பொகஹாண்டஸ் பழைய வரைபடம்: ரயில் பாதை விலகி விழுகிறது, உதவி தேவை

வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா எல்லையிலுள்ள பொகஹாண்டஸ் நிலக்கரிப் பகுதியின் 1890களின் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) வரைபடத் தாளை (பக்கத்துக்கு 30 கோண நிமிடம், அளவு 1:125,000, சமஉயரக் கோட்டு இடைவெளி 100 அடி) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தோடு பொருத்த முடியவில்லை.

அட்ச, தீர்க்கக் கோடுகளின் சந்திப்புகளில் புள்ளி வைத்தேன். வரைபட வீழல் முறை பாலிகோனிக், பூமியின் வடிவ மாதிரி கிளார்க் 1866, டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கான அடிப்படைச் சட்டகம்) என்ஏடி27, அதாவது 1927இன் வட அமெரிக்க டேட்டம். பிழை 1 பிக்சலுக்குள்தான். ஆனாலும் புளூஃபீல்டு அருகே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை சுமார் 300 மீட்டர் தள்ளி நிற்கிறது. தாளில் அது 2.4 மி.மீ.; கோட்டின் தடிப்பு என்று விட்டுவிட முடியாது. என்ஏடி27 பிறப்பதற்கு முந்தைய தாள் என்பதால் டேட்டம் வித்தியாசம் இருக்கும், சரி. மொத்தமாக நகர்த்தினால் பாதை சரியாக உட்காருகிறது, ஆனால் தெற்கே ஈஸ்ட் ரிவர் மலைமுகடு எதிர்ப்பக்கம் போகிறது. காகிதச் சுருக்கம் மட்டும் இப்படிச் செய்யாது. முகடுகளைத் தூரத்திலிருந்து கண்ணளவில் வரைந்திருப்பார்கள் என்று சந்தேகம்.

ஆற்றுச் சங்கமங்களில் 22 புள்ளிகளோடு தின் பிளேட் ஸ்ப்லைன் (ஒவ்வொரு புள்ளியும் சரியாகப் பொருந்தும்படி தாளை வளைக்கும் முறை) போட்டேன்: சமஉயரக் கோடுகள் முறுக்கிக்கொண்டன. எல்க்ஹார்ன் ரயில் சுரங்கப்பாதை வாயைப் புள்ளியாக எடுக்கவில்லை; 1950இல் அங்கே பாதையே மாறிவிட்டது.

இதுபோன்ற தாளுக்கு, டேட்டம் நகர்வு கொடுத்து மீதியை இரண்டாம் படி பாலினோமியலில் (தாள் முழுவதையும் ஒரே சமன்பாட்டால் மென்மையாக வளைக்கும் முறை) திருத்துவதா, பள்ளத்தாக்கு வாரியாக வெட்டிப் பொருத்துவதா?