கனி காணப் போய் இடையில் கண் திறந்தவர்கள் உண்டா?

தாமிரபரணிக்காரன்:
அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்குச் சித்திரை ஒன்று என்றால் விசு. புத்தாண்டு என்பதெல்லாம் காலண்டரில்தான். பங்குனி கடைசி நாள் ராத்திரி, அடுப்படி வேலை ஓய்ந்ததும் ஆச்சி பூஜை அறையைத் துடைத்துவிட்டுத் தாம்பாளத்தை எடுப்பாள். பச்சரிசி, வெல்லம், மாங்காய், பலாச்சுளை, வெள்ளரி, வெற்றிலை பாக்கு, அம்மாவின் சங்கிலி, கொஞ்சம் சில்லறை, கடைசியாகக் கொன்றைப்பூ. பின்னால் கண்ணாடி. அதைக் கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். பழங்களுக்கு நடுவே நம் முகமும் தெரிய வேண்டுமாம்.

விடிகாலையில் ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போவாள். வருஷத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தத் தாம்பாளமாக இருக்க வேண்டும், அதுதான் கனி காண்பது. ஆறாவது படிக்கும்போது வாசப்படி தடுக்கி, விழாமல் இருக்கக் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே ஜன்னல் திண்டில், டம்ளர் தண்ணீருக்குள் தாத்தாவின் பல்செட். அந்த வருஷம் கணக்கில் மார்க் குறைந்தது, சைக்கிள் தொலைந்தது, எல்லாமே பல்செட் பார்த்த பலன் ஆனது.

அப்புறம் பாபநாசம். ஆற்றில் குளிக்கக் கூட்டம் நெரியும். அகத்தியருக்குச் சிவனும் அம்மையும் கல்யாணக் கோலத்தில் காட்சி தந்த நாள் என்பது தலபுராணம். எனக்கு நினைவிருப்பது ஈரத் துண்டோடு பஸ்ஸுக்கு நின்றதுதான். சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
எங்களுக்குக் கனி கிடையாது. கோவில்பட்டி பக்கம் அன்றைக்குப் பொன்னேர் பூட்டுவார்கள். மழையை நம்பிய மானாவாரி பூமி, மழை வருமோ வராதோ, வருஷத்தின் முதல் உழவை நல்ல நேரம் பார்த்துப் போட்டாக வேண்டும். மாட்டுக் கொம்புக்கு மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம். இப்போது மாலை டிராக்டருக்கு. போன தடவை பூஜை போட்டு, சூடம் காட்டி, சாவியைத் திருகினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினோம். மாடாக இருந்தால் ஒரு அதட்டலில் கிளம்பியிருக்கும் என்றார் பெரியப்பா.

பாலக்காட்டு மருமகள்:
பிறந்தது தஞ்சாவூர். அங்கே வேப்பம்பூப் பச்சடியும் பஞ்சாங்கம் படிப்பதும்தான். இங்கே விஷு. மலையாள வருஷம் சிங்க மாசத்தில், அதாவது நம் ஆவணியில்தான் பிறக்கிறது, ஆனாலும் மேட மாசம், நம் சித்திரை, ஒன்றுக்குத்தான் இந்த அமர்க்களம். சில வருஷம் அம்மா வீட்டில் 14ஆம் தேதி, எங்களுக்கு 15. 2022இல் அப்படித்தான். சூரியன் மேஷத்தில் நுழைவது விடிந்த பிறகு என்றால் கனி மறுநாள் காலைக்குப் போய்விடும்.

எல்லோரும் கண்ணைப் பொத்தி வந்ததைச் சொல்கிறீர்கள். கனி வைக்கிறவளை யார் கூட்டிப்போவது? மாமியார் கனி வைத்த உருளிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பார். விளக்கில் எண்ணெயும் திரியும் இரவே தயார், தீப்பெட்டி தலையணைக்கு அடியில். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமலே தடவிப் போய்க் குச்சியை உரசி, திரி பற்றிய பிறகுதான் பார்ப்பார். அவருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து அந்தப் பாய் எனக்கு. முதல் வருஷம் திரியைத் தேடித் தேடிக் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். கத்தவும் முடியாது, ஊரே எழுந்துவிடும். நான் கண்ட முதல் கனி, மஞ்சள் வெள்ளரியும் என் கொப்புளமும். எழுந்து வந்த மாமியார் கைநீட்டம், அதாவது விஷுக் காசு, தரும்போது விரலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேங்காயெண்ணெய் எடுக்கப் போனார்.

தாமிரபரணிக்காரன்:
கனி வைக்கிறவரை நான் யோசித்ததே இல்லை. ஆச்சிக்குப் பிறகு முப்பது வருஷமாக அம்மாதான் வைக்கிறாள். இந்தச் சித்திரைக்கு நான் வைத்தேன். காலையில் அவள் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கையை எடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தாள்.